சாமான் கிடைக்கிற காரில் ஏறுங்கள்

ரேஸுக்கு வர நினைக்கும் புத்தளக் கரைப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

கல்பிட்டி, உடப்பு, முந்தல், சிலாபம் என்று இந்தக் கரை நெடுக ரேஸ் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கராஜுக்கு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "மாமா, ரேஸுக்கு என்ன கார் எடுக்கலாம்?" அதைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் காரின் சாமான் யார் கையில் இருக்கிறது?

ரோட்டில் ஓடுகிற கார்களைப் போட்டிக்குத் தயார்செய்து ஓட்டுவதுதான் டூரிங் கார் ரேஸ். கார் செய்கிற கம்பனியே காசு போட்டுக் குழு நடத்துவது அதில் ஒரு வழி. எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் ஒரே சாமானை வாங்கிப் பூட்டி ஓடுவது இன்னொரு வழி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் பெரிய பெரிய நாடுகளின் போட்டிகளே விழுந்து எழும்பியிருக்கின்றன. நமக்கும் அதே கணக்குத்தான், காசுதான் குறைவு. அதனால் தொடங்கும்போதே இவற்றை மனதில் வையுங்கள்.

1. கம்பனி வரும்போது கை தட்டுங்கள். அது போகும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

பிரித்தானியாவின் டூரிங் கார் போட்டி 1958இல் தொடங்கியது. 1990களில் இரண்டு லீட்டர் 'சூப்பர் டூரிங்' விதி வந்ததும் கம்பனிகள் வரிசைகட்டி வந்தன: பிஎம்டபிள்யூ, வொக்ஸ்ஹோல், போர்ட், டொயோட்டா, நிசான், ரெனோ, வொல்வோ, ஹொண்டா, பேஜோ, அல்ஃபா ரோமியோ. ரெனோவின் கார்களைத் தயார்செய்தது பார்முலா வன் குழுவான வில்லியம்ஸ். வொல்வோ 1994இல் ஒரு ஸ்டேஷன் வேகனையே கொண்டுவந்து ஓட்டிக் காட்டியது. அதே வருஷம் அல்ஃபா ரோமியோ, ரோட்டுக் காரின் டிக்கிக்குள் இறக்கையின் மேல்துண்டை வைத்து விற்றது. ரோட்டுக் காரோடு விற்ற சாமான் என்பதால் ரேஸிலும் பூட்டலாம் என்பது அவர்கள் வாதம். மற்றக் குழுக்கள் முறைப்பாடு செய்தும், பட்டம் அல்ஃபாவின் கப்ரியேல் தார்குயினிக்கே போனது. சொந்தக் காசில் ஓடுகிறவன் இப்படி ஒரு வித்தையைக் கனவிலும் செய்ய முடியாது.

செலவு ஏறிக்கொண்டே போனது. 1999 முடிவில் அந்த வருஷத்துச் சாம்பியனான நிசான் போனது. ரெனோவும் வொல்வோவும் கூடவே போயின. 2000இல் மிஞ்சியவை போர்ட், ஹொண்டா, வொக்ஸ்ஹோல் மூன்றுதான். அந்த வருஷம் வென்ற போர்ட்டும் வென்ற கையோடு மூட்டை கட்டியது. 2001இல் மேல்வகுப்பில் நின்ற கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜேர்மனியின் டிடிஎம் போட்டி இதே பாடத்தை இரண்டு தரம் படித்தது. 1996 முடிவில் ஓப்பலும் அல்ஃபாவும் விலக, மெர்சிடிஸ் மட்டும் தனியே யாரோடு ஓடும்? போட்டியே நின்றது. 2000இல் திரும்பவும் தொடங்கினார்கள். 2018 முடிவில் மெர்சிடிஸ் போனது, 2020 முடிவில் அவுடியும் போனது. மிஞ்சியது பிஎம்டபிள்யூ மட்டும். 2021இல் அந்தப் போட்டி, குழுக்கள் கடையில் வாங்கி ஓட்டக்கூடிய ஜிடி3 கார்களுக்கு மாறித்தான் உயிர் பிழைத்தது.

கம்பனிக்கு ரேஸ் ஒரு விளம்பரச் செலவு. விற்பனைக் கணக்கு மாறினால் செலவும் மாறும். அதற்காக யாரையும் கோபித்துப் பயனில்லை.

2. பொதுச் சாமான் ஏன் வந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

பிரித்தானியர்கள் 2011 முதல் புதிய விதியொன்றைக் கொண்டுவந்தார்கள். காரின் உடம்பு எந்தக் கம்பனியுடையதாகவும் இருக்கலாம். அடியில் முன், பின் சப்ஃபிரேம், சஸ்பென்ஷன், பிரேக், ஆறு வேகக் கியர் பொக்ஸ், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் எல்லாம் எல்லாருக்கும் ஒன்று. கியர் பொக்ஸ் எக்ஸ்ட்ராக்கில் இருந்து, பிரேக் ஏபி ரேஸிங்கில் இருந்து. சப்ஃபிரேமும் சஸ்பென்ஷனும் 2016 முதல் ஆர்எம்எல்லில் இருந்து. சொந்தமாக எஞ்சின் செய்ய வசதியில்லாத குழுவுக்கு ஏற்பாட்டாளர்களே ஒரு பொது எஞ்சினுக்கு வழி வைத்தார்கள்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2013இல் அன்ட்ரூ ஜோர்டன் என்ற இளைஞர், தன் தனியார் குழுவின் ஹொண்டா சிவிக்கில் பட்டம் வென்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஹொண்டா கம்பனியின் சொந்தக் குழுவும் உண்டு. கம்பனியின் காரை வைத்துக் கம்பனியையே முந்துவதற்கு, அடியிலிருக்கும் சாமான் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. நமக்குக் கம்பனி பஞ்சிகாவத்தைதான்.

இலங்கையில் கம்பனிக் குழு வந்து ஓட்டும் என்று காத்திருந்தால் தாடி நரைத்துவிடும். நமக்குச் சாமான் வருவது கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இருந்தும், ஜப்பானில் கழித்துவிட்ட கார்களின் எஞ்சின், கியர் பொக்ஸ் கட்டுகளில் இருந்தும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் விலை என்ன பாய்ச்சல் பாய்ந்தது என்று உங்கள் வீட்டாரைக் கேட்டாலே சொல்வார்கள். அரிய காரை வைத்திருந்தவர்கள் ஒரு சின்னச் சாமானுக்காகக் காரைப் பொலித்தீன் போட்டு மூடிவைத்தார்கள். எல்லாரிடமும் இருக்கிற காரை வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கழற்றி ஒன்றில் பூட்டி ஓடினார்கள்.

இது கடற்கரையில் பிறந்த உங்களுக்குப் புதிதல்ல. ஒரு வாடியில் பத்து ஃபைபர் போட் நின்றால் பெரும்பாலும் ஒரே மாதிரி எஞ்சின்தான் பூட்டியிருப்பார்கள். நடுக்கடலில் நின்றுபோனவனுக்குப் பக்கத்துப் போட்டில் இருந்து பிளக்கோ, ஸ்டார்ட்டர் கயிறோ கிடைக்கும். வேறு எவரிடமும் இல்லாத எஞ்சினை வாங்கி வந்தவனைக் கயிறு கட்டித்தான் இழுத்துவர வேண்டும். ரேஸ் காரையும் அப்படியே யோசியுங்கள்.

4. பெயர்ப் பட்டையைப் பார்க்காதீர்கள், காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

நம் நாட்டு ரேஸ்களில் போர்ட் லேசரும் மஸ்தாவும் ஒரே வகுப்பில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாய் வருகிறவர்கள் இதை இரண்டு கம்பனிகளின் போட்டி என்று நினைப்பார்கள். போர்ட் 1979இல் மஸ்தாவில் பங்கு வாங்கியது. அதற்குப் பிறகு வந்த அந்த லேசர், மஸ்தா ஃபமிலியாவின் உடன்பிறப்பு. முன் கிரில், விளக்கு, பட்டை வேறு. எஞ்சின், கியர் பொக்ஸ், சஸ்பென்ஷன் மஸ்தாவுடையது. அதனால் ஃபமிலியா ஒன்றை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் லேசர்க்காரனும் ஓடிப்போக வேண்டும்.

இன்னும் ஒரு படி கீழே போங்கள். கியா பிரைட் என்ற சின்னக் காரும் மஸ்தாவின் வரைபடத்தில் வந்ததுதான். அதன் 1.3 லீட்டர் எஞ்சினும் மஸ்தாவின் பி வரிசை. எந்த எஞ்சின் எந்த வருஷம் எந்தக் காரில் வந்தது, எது நேரே பூட்டும், எதற்கு மவுண்ட் மாற்ற வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். சாமானை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். டிரைவ் ஷாஃப்ட் என்றால் பல்லை எண்ணுங்கள், நீளத்தை அளந்து பாருங்கள். ஹப் என்றால் பெயரிங் உட்காரும் இடத்தை வேர்னியர் வைத்துப் பாருங்கள். "இது அதுக்குப் போகும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். பூட்டாவிட்டால் திரும்பவும் கொழும்புக்கு ஒரு நாள் போய்விடும்.

5. தொடக்கம் லுணுவிலையில் இருக்கட்டும்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே லுணுவிலை பண்டிரிப்புவவில், தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற அந்தப் பக்கத்திலேயே, கார்ட் ஓடுபாதை இருக்கிறது. இதை விட்டுவிட்டு நேரே கட்டுக்குருந்தை, தியத்தலாவை ரேஸ்களுக்குப் போக ஆசைப்படாதீர்கள். கார்ட்டிங் உலகில் ரோட்டாக்ஸ் மேக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், திறந்து பார்க்க முடியாதபடி சீல் வைத்தது. சீல் உடைந்தால் போட்டியில் இடமில்லை. அப்படி ஓடும்போது, "எனக்கு எஞ்சின் சரியில்லை" என்று சாக்குச் சொல்ல வழியே இல்லாமல் போகும். எங்கே பிரேக் பிடித்தீர்கள், எங்கே திருப்பினீர்கள் என்பது மட்டும்தான் நேரத்தில் தெரியும். தொடக்கக்காரனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

6. சாதாரணக் காரில் இருந்து ரேஸ் காரை உண்டாக்கியவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். இந்தியாவில் ரேஸ் ஓட்டுவது பணக்காரர் விளையாட்டாக இருந்த காலத்தில், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எந்தத் தெருவிலும் ஓடுகிற காரின் சாமான் என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும். இளைஞராக அந்தக் கார்களில் ஓடிப் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா வன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். கோயம்புத்தூர் ரேஸ் ஓடுபாதைக்கு இன்று அவர் பெயர்தான். அது டூரிங் கார் அல்ல என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பெரிய கம்பனியை எதிர்பார்க்காமல், தெருவில் கிடைக்கிற சாமானை வைத்து ஒரு தலைமுறையையே ஓட்டப் பழக்கினார். நமக்கு வேண்டியது அதுதான்.

7. ஒரே கடையில்தான் கிடைக்கும் என்றால், அந்தக் கடைதான் உங்கள் புது முதலாளி.

பொதுச் சாமானிலும் பொறி உண்டு. கம்பனியின் பிடியில் இருந்து தப்பி, சாமான் விற்கிற ஒருவரின் பிடியில் மாட்டிக்கொள்ளலாம். விலையை அவர் வைப்பார், தட்டுப்பாட்டையும் அவரே வைப்பார். 2022இல் உலக டூரிங் கார் கோப்பையில் எல்லாருக்கும் டயர் ஒரே இடத்தில் இருந்து. அந்த டயரின் பாதுகாப்பில் சந்தேகம் வந்ததால் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ரேஸே நடக்கவில்லை. அந்தக் கோப்பையும் அந்த வருஷத்தோடு முடிந்தது.

ஆகவே ஒரு வகுப்பில் சேர முன் விதிப்புத்தகத்தில் இரண்டு இடத்தை வடிவாய் வாசியுங்கள். எந்தச் சாமானைக் குறிப்பிட்ட ஒருவரிடம்தான் வாங்க வேண்டும்? எதை எங்கேயும் வாங்கலாம்? முதல் பட்டியல் நீளமாக இருந்தால் விலையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

8. விதி விட்டுவைத்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

எல்லாம் ஒன்றென்றால் மெக்கானிக்கின் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. டயர் காற்று, சக்கரத்தின் சாய்வு, டோ, பிரேக் ஒயில், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, இருக்கை எவ்வளவு பதிவாக இருக்கிறது, எல்லாம் உங்கள் கையில். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டயர் சூடாக இருக்கும்போதே காற்றை அளந்து, உள்ளோரம், நடு, வெளியோரம் என்று தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்து எழுதுங்கள். உள்ளோரம் மட்டும் தேய்கிறதென்றால் காரே உங்களுக்குச் செய்தி சொல்கிறது. எஞ்சினுக்குக் கொட்ட நினைத்த காசில் பாதியை டயருக்கும் பயிற்சி ஓட்டத்துக்கும் ஒதுக்கினால் நேரம் கூடுதலாகக் குறையும்.

விதியைச் சுற்றி வளைப்பது வேறு வேலை. சீலைச் சூடாக்கிக் கழற்றுகிறேன், பிஸ்டனை மாற்றிப் போடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பொதுச் சாமான் ரேஸ் நம்பிக்கையில்தான் நிற்கிறது.

9. ஷெல்லைக் காப்பாற்றுங்கள்.

எஞ்சின் கிடைக்கும், கியர் பொக்ஸ் கிடைக்கும். காரின் உடம்பு, நாங்கள் ஷெல் என்போமே, அது சுத்தமாய் இனிக் கிடைக்காது. அதுவும் நம் கரையில் உப்புக் காற்று இரும்பை உயிரோடு தின்னும். ஷெல் வாங்கப் போனால் பெயின்ட்டின் மினுக்கத்தில் மயங்காதீர்கள். கார்ப்பெட்டை உரித்துத் தரையைப் பாருங்கள். முன் ஷொக் அப்சோபர் மேலே பூட்டும் கோபுரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். பட்டி அப்பிய இடம் பொத்தென்று கேட்கும். கதவுக்குக் கீழே சில் ஓடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா பாருங்கள். போனால் விலை பேசாமலே எழும்பி வந்துவிடுங்கள். ரோல் கேஜைப் பற்றவைக்க அங்கே நல்ல இரும்பு இருக்காது. வாங்கிய பிறகு நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி, உலரவிட்டு, மெழுகு அடியுங்கள். மேலதிகச் சாமானைக் கிறீஸ் பூசிப் பொலித்தீனில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள்.

10. மிச்சம் பிடித்த காசைப் பாதுகாப்பில் போடுங்கள்.

இருக்கைப் பட்டி, ஹெல்மட், தீயணைப்பான், ரோல் கேஜ் ஆகியவற்றில் பழைய சாமான் பேச்சே எடுக்காதீர்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு உயிர் போனது. பார்க்க வந்தவர்களும், ரேஸ் பாதையில் கடமையில் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ரேஸ் ஓட்டுகிறவன் தன் உயிருக்கு மட்டும் பொறுப்பாளி என்று நினைத்தால் அவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஓடாதீர்கள். நண்பர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

11. ஆனாலும் கம்பனியை வெறுக்காதீர்கள்.

சனம் ரேஸுக்கு வருவது சப்ஃபிரேமைப் பார்க்க அல்ல. அவுஸ்திரேலியாவில் பல காலம் போர்டா ஹோல்டனா என்று குடும்பங்களே இரண்டுபட்டு நின்றன. ஹோல்டன் 2017இல் அங்கே கார் செய்வதை நிறுத்தியது. 2020இல் அந்தப் பெயரையே கைவிடப்போவதாக அறிவித்தது. அப்படியும் 2022 வரை ஹோல்டன் கார்கள் அங்கே ஓடின. 2013இலேயே அடிச்சட்டத்தைப் பொதுவாக்கி வைத்திருந்ததால் கம்பனியோடு சேர்ந்து ரேஸ் சாகவில்லை. 2023 முதல் ஹோல்டனின் இடத்தில் கமரோ நிற்கிறது, எதிரில் போர்ட் மஸ்டாங். மேலே பெயர், அடியில் பொதுச் சாமான். சனத்துக்குச் சண்டையும் கிடைத்தது, குழுக்களுக்குச் சாமானும் கிடைத்தது.

மார்செல்லோ லொட்டி என்பவர் 2015இல் தொடங்கிய டிசிஆர் என்ற டூரிங் கார் முறை இன்னொரு நடுவழி. கம்பனி கார் செய்து விற்கும், தானே குழு வைத்து ஓடாது. ஓடுகிறவர்கள் வாங்கிய குழுக்கள். கார்களின் பலம் ஒன்றுக்கொன்று ஈடாகும்படி எடையையும் மற்றவற்றையும் கூட்டிக் குறைப்பார்கள். 1994இல் அல்ஃபாவில் வென்ற அதே தார்குயினி, 2018இல் 56 வயதில் ஒரு ஹியுண்டாயில் உலகக் கோப்பை வென்றது இந்த முறையில்தான். கம்பனியைக் கடைக்காரராக வைத்தார்கள். களத்துக்கு எஜமானாக விடவில்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் அந்தக் கார் ஒன்றின் விலைக்கு நம் ஊரில் ஒரு வகுப்பையே ஓட்டலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

12. ஸ்பொன்சரும் ஒரு கம்பனிதான்.

மேலே சொன்னதெல்லாம் காசு தருகிறவருக்கும் பொருந்தும். இறால் பண்ணை முதலாளியோ டயர்க் கடைக்காரரோ ஒருவரே முழுச் செலவையும் தருகிறேன் என்றால் சந்தோஷமாய் வாங்குங்கள், ஆனால் அவர் இல்லாத அடுத்த வருஷத்துக்கும் ஒரு கணக்கு எழுதிவையுங்கள். அவர் காசில் தேய்ந்து தீர்கிற சாமானையும் ஓட்டங்களையும் வாங்கலாம். வீட்டுக் காணியை ஈடுவைத்து அவர் காசோடு சேர்க்கக்கூடாது.

13. எதிராளிக்குச் சாமான் கொடுங்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் பின்னேரம் பக்கத்துக் கொட்டகைக்காரன் கிளச் தட்டு கேட்டு வருவான். உங்களிடம் இரண்டாவது ஒன்று இருந்தால் கொடுங்கள். கொப்பியில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அவன் நின்றுபோனால் வகுப்பில் ஒரு கார் குறையும். போதிய கார் இல்லாத வகுப்பை ஏற்பாட்டாளர்கள் அடுத்த முறை நிகழ்ச்சியில் போடமாட்டார்கள். அப்போது உங்கள் காரும் கொட்டகையில்தான் நிற்கும். பிரித்தானியனும் ஜேர்மனியனும் கோடிக்கணக்கில் செலவழித்துப் படித்த பாடம் இவ்வளவுதான். நமக்கு ஒரு கிளச் தட்டோடு முடிகிறது.

இவ்வளவையும் வாசித்த பிறகும் ஆசை அடங்கவில்லையா? நல்லது. கார் வாங்க இன்னும் போகாதீர்கள். அடுத்த ரேஸுக்குப் போய், எந்த வகுப்பில் கார் அதிகம் நிற்கிறது, இடைவேளையில் யார் யாருக்குச் சாமான் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். கார் அதிகம் நின்று, சாமானும் கைமாறுகிற வகுப்பில் பெயரைப் பதியுங்கள்.